13 எழுத்து, 13 மாத்திரை: தமிழை அசையவிட்டுக் கற்றுக்கொண்டது

தி.நகரில் ஒரு துணிக்கடை வாசல். பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம். கடை முகப்பில் இருக்கும் பெரிய எல்.இ.டி. திரையில் நான் செய்த 12 விநாடி விளம்பரம் முதல் தடவையாக ஓடப்போகிறது. கரும்புத் தோகைகளுக்கு நடுவே சூரியன் எழும். அதன்மேல் 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்ற வரி எழுத்தெழுத்தாக வந்து நிற்கும். முந்தின நாள் இரவுதான் ஃபாண்டை மாற்றச் சொல்லியிருந்தார்கள். மாற்றினேன். கடைசி ஃப்ரேமை மட்டும் திறந்து பார்த்தேன். வரி அழகாக, பிழையில்லாமல் இருந்தது. ரெண்டர் போட்டு அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

திரையில் முதலில் ஒரு 'த' வந்தது. அடுத்த கணமே அதன் இடப்பக்கத்தில் இணைக்கொம்பு முளைத்து, 'த'வை வலப்பக்கம் தள்ளியது. அவ்வளவு பெரிய திரையில் ஓர் எழுத்து ஒரு முழம் தாவியது. பிறகு 'ப' வந்து 'பி' ஆனது. 'பிறந' என்று நின்று, அதன் தலையில் புள்ளி விழுந்தது. அப்புறம் 'பிறந்த' என்று வேறொரு சொல்லாக ஒரு நொடி மின்னி, 'பிறந்தா', 'பிறந்தால' என்று தட்டுத்தடுமாறி ஒருவழியாக 'பிறந்தால்' ஆனது. பக்கத்தில் நின்ற கடை மேலாளர், "என்னம்மா, எழுத்தெல்லாம் தடுக்கித் தடுக்கி விழுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றே எழுத்தின் அசைவை எடுத்துவிட்டு, முழு வரியும் ஒன்றாகத் தெளிந்து வருவதுபோல் மாற்றிக் கொடுத்தேன். அந்த வருஷம் பொங்கல் வரை அதுதான் ஓடியது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் நான் என் தொழிலையே கற்றேன். சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் மோஷன் கிராஃபிக்ஸ் செய்கிறேன். எழுத்தும் படமும் சேர்ந்து அசைகிற வேலை. இந்தக் கலைக்கு முன்னோடி என்று உலகம் சால் பாஸைச் சொல்லும்; 1950களில் ஹாலிவுட் படங்களின் தலைப்புக் காட்சிகளில் எழுத்துகளை நடிக்க வைத்தவர். அவர் வழியில் வந்த உத்திகள், டுடோரியல்கள், டெம்ப்ளேட்கள் எல்லாமே ஆங்கில எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டவை. ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிச் செங்கல். எந்த இடத்தில் பிரித்தாலும் பிரியும். தமிழ் அப்படி இல்லை என்று பேச்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அதை வேலையில் யோசித்ததில்லை.

நடந்தது இதுதான். நான் போட்டிருந்தது ஒரு சின்ன எக்ஸ்பிரஷன், அதாவது அனிமேஷன் மென்பொருளுக்குள் எழுதும் கட்டளை. வரியை ஒவ்வொரு குறியாக நீட்டிக்கொண்டே போகும். 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பதில் நாம் எண்ணினால் 13 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் கணினி எண்ணினால், இடைவெளிகளை விட்டுவிட்டு, 23 குறி. 'தை' என்பதே அதற்கு இரண்டு: முதலில் த, பிறகு கொம்பு. 'ந்' என்பதும் இரண்டு: ந, பிறகு புள்ளி. திரையில் கொம்பு இடப்பக்கம் நின்றாலும், கோப்பில் அது மெய்க்குப் பின்னால்தான் இருக்கிறது. அதனால் என் எக்ஸ்பிரஷன் த-வை முதலில் காட்டி, கொம்பை அப்புறம் சேர்த்தது.

அதற்கு முன் பல வருஷம் இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை என்றும் அப்போதுதான் புரிந்தது. ஸ்டுடியோவில் நாங்கள் பழைய டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) காலத்து ஃபாண்ட்களைப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். அவற்றில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுத்து சேமிக்கப்படும்; கொம்பை முதலில் அடித்து, பிறகு த அடிப்போம். அதனால் எந்த மென்பொருளிலும் ஓரளவு ஒழுங்காக ஓடியது. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. எல்லோரும் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், வந்ததும் சரிதான். ஆனால் அசைகிற எழுத்தில் அந்த மாற்றத்தோடு சேர்ந்து மாற வேண்டிய பழக்கம் ஒன்று இருந்தது. அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது என் முதல் வேலை, வரியை எழுத்தாகக் கட்டுவது. படம் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி அமைப்பை இயக்கி, எழுத்துகளை வரியில் கோக்கும் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுத்து வரியை அடிப்பேன். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் என்றால் வேர்ல்டு-ரெடி கம்போசர். இது இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி, புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று எழுத்துக்குப் பக்கத்தில் எட்டிப்பார்க்கும். அடித்த வரியை ஒருவரைக் கொண்டு சத்தமாக வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகே அவுட்லைன் ஆக்குவேன், அதாவது எழுத்தை வெறும் உருவமாக மாற்றுவேன். அவுட்லைன் ஆனபின் பிழை திருத்துவது இரட்டை வேலை. பிறகு துண்டுகளை எழுத்து வாரியாகக் குழுவாக்குவேன். 'தை'யின் இரண்டு துண்டும் ஒரு குழு. 'ந்' உடலும் புள்ளியும் ஒரு குழு, ஆனால் உள்ளே இரண்டு தனி லேயர். குழுவுக்குத் தமிழிலேயே பெயர் வைப்பேன்: 01_தை, 02_பி, 03_ற. நள்ளிரவில் திருத்தம் வரும்போது இந்தப் பெயர்கள்தான் காப்பாற்றும்.

அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே நேரடியாக அடிப்பதானால், விருப்ப அமைப்புகளில் எழுத்து இயந்திரம் தெற்காசிய மொழிகளுக்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள். வலைப்பக்கத்துக்கு எழுத்தை அசைப்பவர்கள் எழுத்துச் சரத்தை நேரடியாக வெட்டாமல், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் உள்ள Intl.Segmenter-ஐக் கொண்டு பிரித்தால் உயிர்மெய் உடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் அதுவும் வெட்டும். ஒரு கல்யாண வரவேற்புக் காணொளியில் மணமகள் பெயர் 'லக்ஷ்மி'. 'க்' தனியாகவும் 'ஷ்' தனியாகவும் பறந்து வந்தன. வெளியே போவதற்கு முன்னால் கண்ணில் பட்டதால் பிழைத்தோம். இந்த இரண்டையும் கையால் சேர்த்துவிடுங்கள்.

சரி, எழுத்து உடையாமல் வந்துவிட்டது. ஆனால் உயிரோடு வரவில்லை. அதற்கு நான் ராயப்பேட்டைக்குப் போக வேண்டியிருந்தது.

அங்கே ஒரு பெரியவர், கடைப் பலகை எழுதுபவர். ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் இரும்பு ஷட்டர், தண்ணீர் லாரி, கோயில் நன்கொடைப் பலகை என்று ஏதாவது வந்துகொண்டிருக்கும். "ஐயா, நீங்க எழுதறதை நான் படம் பிடிச்சுக்கலாமா?" என்று கேட்டேன். "புடிச்சுக்கோம்மா, கையத்தான புடிக்கப்போற, மூஞ்சிய இல்லியே" என்றார். போனை ஸ்டாண்டில் கட்டி, அவர் தோளுக்கு மேலிருந்து எடுத்தேன்.

சுண்ணாம்பு தடவிய நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்து ஒரு தட்டு தட்டினார், நேர்கோடு விழுந்தது. இடக்கையில் ஒரு குச்சி, அதன்மேல் வலக்கை மணிக்கட்டு. நான் கேட்டுக்கொண்டபடி அதே பழமொழியை எழுதினார். கொம்பை முதலில் போட்டு, த-வைப் பிறகு போட்டார். கை எப்போதும் இடமிருந்துதானே வரும். நான் கவனித்தது அது இல்லை. அவர் 'பிறநதால வழி பிறககும' என்று முழு வரியையும் புள்ளியே இல்லாமல் எழுதி முடித்தார். பிரஷைத் தொடைத் துணியில் துடைத்தார். ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு வந்து, நுனியை மட்டும் பெயின்ட்டில் தொட்டு, பிரஷைச் செங்குத்தாக வைத்து ஒரு திருகு திருகினார். ஒரு புள்ளி. அப்படி நான்கு. ந், ல், க், ம்.

"ஏன்யா கடைசியில மொத்தமா வைக்கிறீங்க?"

"புள்ளின்றது பொட்டு மாதிரிம்மா. ஜோடிப்பெல்லாம் முடிச்சிட்டு, கண்ணாடிய ஒருவாட்டி பாத்துட்டு அப்பறம்தான் வெப்பாங்க."

அந்த இடைவெளியில், புள்ளி வைப்பதற்கு முந்திய அந்த அரை நிமிடத்தில், சுவரில் இருந்தது ஓர் ஓலைச்சுவடி. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொன்னாலும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். படிப்பவர்கள்தாம் மனசுக்குள் புள்ளி வைத்துப் படித்தார்கள். சுவரில் இருந்த 'பிறநதால'வை நானும் தடங்கலில்லாமல் படித்தேன். திரையில் இதைச் செய்ய முடியும் என்று அங்கேயே தோன்றியது: உடல் முதலில், புள்ளி கடைசியில். துணிக்கடைத் திரையில் பிழையாகத் தெரிந்த அதே புள்ளி, முழு வரிக்கும் சேர்த்துத் தாமதமாக வந்தால் பிழையாகத் தெரியாது, முடிவாகத் தெரியும். பார்ப்பவருக்கு அதில் ஒரு நிறைவு கிடைக்கிறது. ஓர் எழுத்துக்குள்ளேயே புள்ளி 2 ஃப்ரேம் பிந்தினால் மட்டும்தான் தடுமாற்றம்.

படப்பிடிப்பை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. அவர் கை ஒரே வேகத்தில் போகவே இல்லை. சுழிக்குள் நுழையும் முன் ஒரு தயக்கம், சுழியிலிருந்து வெளியே வரும்போது வேகம், நீண்ட வாலில் நிதானம். 'ற'வின் முதல் வளைவுக்கு அவர் எடுத்ததைவிடக் கடைசி வாலுக்கு இரண்டு மடங்கு ஃப்ரேம் எடுத்தார். கணினியில் கோட்டை ஓடவிடும்போது ஒரே சீராக ஓடும். அதுதான் எழுத்தைச் செத்ததாக்குகிறது. இப்போதெல்லாம் யாராவது ஒருவர் கையால் எழுதுவதைப் படம் பிடிக்காமல் நான் கோட்டு அனிமேஷன் தொடங்குவதில்லை. என் சொந்தக் கையாவது போதும்.

கோட்டு அனிமேஷனில் தமிழுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. எழுத்தின் நடுவே ஒரு தடித்த கோடு வரைந்து, அதை மறைப்பாக வைத்து எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்போம். ண, ன, ற போன்ற எழுத்துகளில் கோடு தன்னையே தொடும் அல்லது நெருங்கிப் போகும். அந்த இடத்தில் தடித்த மறைப்பு, இன்னும் எழுதப்படாத பகுதியையும் முன்கூட்டியே திறந்துவிடும். திரையில் ஒரு துணுக்கு தானாக முளைத்து நிற்கும். தீர்வு, எழுத்தின் உருவத்தையே அந்தச் சந்திப்பில் வெட்டி இரண்டு லேயராக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி மறைப்புக் கொடுப்பது. 'ண'வுக்கு எனக்கு நான்கு துண்டு தேவைப்பட்டது. நேரம் பிடிக்கும். குறுக்குவழி எனக்குக் கிடைக்கவில்லை.

பெரியவர் இன்னொன்றும் எழுதிக் காட்டினார், நான் கேட்காமலே. பழைய 'லை', பழைய 'னை'. கொம்பு தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை போல வளைந்துவரும் வடிவம். பெரியார் 1935-லிருந்தே தன் பத்திரிகையில் மாற்றி எழுதினார், 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணை வந்தது. அப்போது இவர் தொழில் பழகும் சிறுவன். "ஒரே மூச்சுல போடலாம்மா, கைய எடுக்கவே வேணாம்" என்றார். சீர்திருத்தம் அச்சுக்கும் தட்டச்சுக்கும் செய்த நன்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய காலத்தில் நடக்கும் ஒரு கதைக்குத் தலைப்பு எழுதும் வேலை வந்தால், அந்தத் தும்பிக்கை தரும் ஒரே மூச்சு அசைவுக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை.

அசைவு கிடைத்தது. அடுத்து நேரம். எந்த எழுத்து எத்தனை ஃப்ரேம்?

இதற்கு நான் மாதக்கணக்கில் கண்ணளவில் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அக்கா மகளுக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது விடை கையிலேயே இருந்தது தெரிந்தது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் சொல்கிறது. நம் மொழியில் ஒவ்வோர் எழுத்துக்கும் கால அளவு ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது! அனிமேஷன் செய்கிற எனக்கு இதைவிடப் பெரிய சொத்து எது?

உடனே கணக்குப் போட்டேன். விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு மாத்திரைக்கு 6 ஃப்ரேம், அதாவது கால் விநாடி. கண் இமைக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மெய்க்கு 3, குறிலுக்கு 6, நெடிலுக்கு 12. 'தை' 2 மாத்திரை. 'பிறந்தால்' 5. 'வழி' 2. 'பிறக்கும்' 4. மொத்தம் 13 மாத்திரை, 78 ஃப்ரேம், மூன்றேகால் விநாடி. அப்படியே டைம்லைனில் வைத்து, ஒலியே இல்லாமல் ஓட்டினேன். வரி பேசியது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை; 'தை' நின்று வந்தது, 'பிற' ஓடியது, 'ந்' ஒரு தட்டு தட்டியது, 'தா' திறந்தது. பார்த்த அம்மா, கேட்காமலே உதட்டசைத்துப் படித்தார்.

செய்து பார்ப்பவர்களுக்குச் சில விஷயம். மாத்திரைக்கு எப்போதும் இரட்டைப்படை ஃப்ரேம் எடுங்கள். அப்போதுதான் மெய்க்கு முழு ஃப்ரேம் கிடைக்கும். விளம்பரத்துக்கு இந்த வேகம் போதாது என்றால் 4 ஃப்ரேம் எடுங்கள். இதே வரி 52 ஃப்ரேமில், இரண்டு விநாடிக்குச் சற்று மேலே முடியும். விகிதம் மாறாதவரை பேச்சு மாறாது. குறுக்கங்களை மறக்காதீர்கள். 'மழை'யில் வரும் 'ழை' ஒரு மாத்திரைதான், இரண்டு கொடுத்தால் இழுவையாகத் தெரியும். 'காற்று', 'பாட்டு' இவற்றின் கடைசி 'று', 'டு' குற்றியலுகரம், அரை மாத்திரை. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது, இங்கே 3 ஃப்ரேமா 6 ஃப்ரேமா என்று கண்ணெதிரே வந்து நிற்கிறது.

எழுத்தையும் நேரத்தையும் பிடித்த பிறகும் ஒரு வேலையில் பெரிய தவறு செய்தேன். அது வரியின் அமைப்பில் நடந்தது. கடலில் மூழ்கி இளைஞர்கள் இறப்பதைத் தடுக்க, தன்னார்வலர் சிலர் கடற்கரையில் திரை வைத்துக் காட்ட ஒரு காணொளி கேட்டார்கள். வரி: 'ஆழம் தெரியாமல் கடலில் இறங்க வேண்டாம்'. பின்னால் நிஜமான அலை. நான் ஆங்கில டெம்ப்ளேட்டின் பாணியில் செய்தேன்: ஒரு சொல் வரும், போகும், அடுத்த சொல் வரும். 'கடலில்' வரும்போது அலை எழும். 'இறங்க' வரும்போது எழுத்து துள்ளித் தண்ணீருக்குள் குதிக்கும். நல்ல அசைவு, எனக்கே பிடித்திருந்தது. சோதித்துப் பார்க்க பெசன்ட் நகரில் ஒரு மடிக்கணினியை வைத்து ஓட்டினோம். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் நின்று பார்த்தான். 'கடலில்... இறங்க...' என்று சத்தமாகப் படித்துவிட்டு, கடலைப் பார்த்து ஓட ஆரம்பித்தான். அவன் அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். 'வேண்டாம்' திரைக்கு வந்தபோது அங்கே அவன் இல்லை.

ஆங்கிலத்தில் மறுப்பு முதலில் வந்துவிடும். தமிழில் வினையும் மறுப்பும் கடைசியில். சொல்லை ஒவ்வொன்றாகக் காட்டி அழிக்கும் முறையில், நம் வாக்கியம் முக்கால் நேரம் எதிர்ப்பொருளைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்பச் செய்தேன். முதல் ஃப்ரேமிலேயே 'வேண்டாம்' திரையின் கீழ்ப்பகுதியில் அசையாமல் நிற்கும். மற்ற சொற்கள் அதற்கு மேலே வந்து சேரும். எந்தக் கணத்தில் யார் கண்ணை எடுத்தாலும் அவர் கண்ட கடைசிச் சொல் 'வேண்டாம்'. அலையும் குறைந்தது, சொல்லைத் தண்ணீரில் குதிக்கவிடும் அசைவை எடுத்தே விட்டேன். எச்சரிக்கை சொல்லும் சொல்லுக்கு மகிழ்ச்சியான அசைவு கொடுக்கக் கூடாது என்பதை அந்தப் பையன் ஓடியதைப் பார்த்துத்தான் உணர்ந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

நீளமான சொற்களுக்கும் இதே கவனம் வேண்டும். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பதை ஒரே சொல் என்று ஒரே தட்டில் காட்டினால் யாராலும் படிக்க முடியாது. 'வந்து' என்று காட்டி, அதை நிற்கவைத்து, மீதியை அதன் பின்னால் ஒட்டவிடுங்கள். எழுத்து நடுவில் வெட்டாமல், பொருள் பிரியும் இடத்தில் வெட்டுங்கள்.

படத்தை எழுத்துக்குள் ஓடவிடும் உத்தியைப் பற்றிச் சுருக்கமாக. தடித்த எழுத்தைச் சன்னலாக்கி, உள்ளே காணொளி ஓடும். தமிழில் சுழி அதிகம். எழுத்தைத் தடிமனாக்கினால் சுழி அடைந்துபோகும், மெல்லியதாக்கினால் உள்ளே படம் தெரியாது. ட, ப, ம, ய சன்னலுக்கு நல்லவை. ண, ணை, ளை கஷ்டம். ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட அனெக் தமிழ் ஃபாண்ட் இங்கே மிகவும் உதவுகிறது. இலவசமாகக் கிடைக்கிறது, தடிமன் 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை நாமே நகர்த்தலாம். அகலத்தைக் கூட்டி, தடிமனை 600-க்குக் கீழே வைத்தால் சுழிகள் மூச்சு விடுகின்றன.

இப்படிச் சோதனை செய்பவர்கள் ஒருமுறையாவது இஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குப் போய்வர வேண்டும் என்பது என் கருத்து. 1966-ல் அதை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், 1963-லிருந்து 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையை வரைந்தார். ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், கணிதக் குறிகள், எழுத்துபோலவே இருந்தும் படிக்க முடியாத வரிகள். படிப்பதற்கும் பார்ப்பதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது என்று அவர் இதே ஊரில் உட்கார்ந்து காட்டிவிட்டார். ஓவியர் ஆதிமூலம் பத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகளில் தூரிகையின் வேகம் அப்படியே உறைந்திருக்கும். அசையாத எழுத்திலேயே அவ்வளவு அசைவு. நான் டைம்லைனைத் திறக்கும் முன் அவற்றைத்தான் பார்ப்பேன்.

எதிர்முனையில் இருப்பது பேருந்து, கடை, கோயில் எல்லாவற்றிலும் ஓடும் எல்.இ.டி. எழுத்துப் பலகை. ரிச்சி தெருவில் பி10 பலகை இரண்டு வாங்கி வந்து சோதித்தேன். ஒரு பலகையில் 32-க்கு 16 விளக்கு. உயரம் 16 மட்டுமே. அந்த 16-க்குள் மேல்விலங்கு, கீழ்ச்சுழி, புள்ளி எல்லாம் அடங்க வேண்டும். புள்ளிக்கு ஒரே விளக்கு கொடுத்தால் எழுத்து ஓடும்போது அது மறைந்தே போகிறது. 'பேருந்து' 'பேருநது' ஆகிறது. இரண்டுக்கு இரண்டாக நான்கு விளக்கு கொடுத்து, எழுத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு வரிசையை அணைத்து வைத்தால் தெரிகிறது. பக்கவாட்டில் வழுக்குவதைவிட, ஒரு சொல் முழுதாக வந்து நின்று மாறுவதுதான் தமிழுக்குப் படிக்க எளிது.

போன மார்கழியில் இதையெல்லாம் சேர்த்து ஒன்று செய்தேன். கிளையன்ட் யாரும் இல்லை, எனக்காக. மயிலாப்பூரில் பெரியம்மா வீடு. வாசலில் தினமும் கோலம். கோலத்தில் புள்ளி முதலில், கோடு அப்புறம். எழுத்தில் கோடு முதலில், புள்ளி அப்புறம். இதைத் திருப்பிப்போட்டால்? பெரியம்மா தரையில் அரிசி மாவால் நான்கே நான்கு புள்ளி வைப்பார். மாடி பால்கனியிலிருந்து புரொஜெக்டர், அந்த நான்கு புள்ளியைச் சுற்றி 'தை பிறந்தால் / வழி பிறக்கும்' என்று இரண்டு வரியாக எழுத்தை வளர்க்கும்.

சில செய்முறைக் குறிப்புகள். பின்னணி முழுக் கருப்பாக இருக்கட்டும். கருப்பு என்றால் வெளிச்சம் இல்லை, அதனால் திரையின் சதுர ஓரம் தரையில் தெரியாது, எழுத்து மட்டும் தெரியும். மேலிருந்து சாய்வாக அடிப்பதால் படம் கீழே விரியும். நான்கு மாவுப் புள்ளியையே அடையாளமாக வைத்து மூலைகளை இழுத்துச் சரிசெய்தேன். முதல் நாள் அது முழுசாகச் சரிவரவில்லை. ந், ல், க், ம் நான்கும் வரியின் வலப்பாதியிலேயே விழுகின்றன. இடது ஓரத்தில் 'தை'யின் கொம்பு சாய்ந்துபோய் நின்றது. மறுநாள் இடப்பக்கம் இரண்டு சுண்ணக்கட்டி அடையாளம் போட்டு, சரிசெய்தபின் அழித்தோம். ஈரத்தரை வெளிச்சத்தைத் தின்றுவிடும். வாசல் தெளித்துக் கொஞ்சம் காயவிட வேண்டும். தெருவிளக்கு நேராக விழாத இடமாகப் பாருங்கள். ஆறேகாலுக்கு மேல் விடிந்துவிடும், அதனால் 5.30-க்கே எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் ராயப்பேட்டைப் பெரியவரையும் வரச் சொல்லியிருந்தேன். மஃப்ளரோடு வந்து பால்கனியில் நின்றார். கீழே இருட்டில் நான்கு வெள்ளைப் புள்ளி. 'தை' நின்று வந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாகப் புள்ளிகளுக்குக் கீழே வந்து பொருந்தின. பால் வாங்கப் போன ஓர் அம்மா நின்று, வாய்விட்டுப் படித்தார். பெரியவர் மூன்று முறை ஓட்டச் சொன்னார். பிறகு, "நல்லாக்கீதும்மா. 'ல்' மட்டும் அவசரமா வருது பாரு. 'தா' வாய மூடறதுக்குள்ள வந்துருது" என்றார்.

விடிந்து எழுத்து வெளிறிப்போன பிறகு, தரையில் நான்கு புள்ளி மட்டும் இருந்தது. பெரியம்மா அதைச் சுற்றி இன்னும் சில புள்ளி சேர்த்துச் சிக்குக் கோலம் போட ஆரம்பித்தார். நான் ஸ்டுடியோவுக்குப் போய்க் கோப்பைத் திறந்தேன். 'தா'வுக்கு 12 கொடுத்திருப்பதாக நினைத்திருந்தேன். 10 தான் இருந்தது. 'ல்'லை 2 ஃப்ரேம் வலப்பக்கம் தள்ளினேன்.